முறிமருந்துக்கு ஒரு வரி

மகன்,

நான் சுகம், நீ சுகமா என்று தொடங்குவதுதான் என் வழக்கம். இந்தமுறை அந்த இடத்திலேயே பேனை நின்றுவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் படியேறும்போது முணுமுணுக்கிறது, அது என் வயதுக்குத் தரவேண்டிய மரியாதை. ஆனால் போன வெள்ளிக்கிழமை வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், அப்பாவின் அக்காவான உன் மாமியின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, ஓடத்தில் இக்கரைக்கு வந்து, பஸ் பிடித்துக் கல்லடி வீட்டுக் கதவைத் திறந்தேன். "வந்திட்டன்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினேன். யாருக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில் ஆள் இல்லை என்பது நீ மருத்துவம் படிக்கப் போன நாளிலிருந்து இருக்கிற விஷயந்தான். ஆனாலும் மாமி உயிரோடு இருந்தவரை வெள்ளிக்கு வெள்ளி ஒரு தயிர்ச் சட்டியோடு வந்து, என் சமையலில் உப்பில்லை என்று குறை சொல்லிவிட்டுப் போவாள். ஒரு கிழமை முழுவதும் அதை நினைத்துக் கோபப்பட எனக்கு ஒரு ஆள் இருந்தது. இனி அதுவும் இல்லை. எனக்குத் தனியாக இருக்கிறது, மகன். இதை இதற்கு முன் உனக்கு எழுதியதில்லை, இன்றைக்கு எழுதிவிட்டேன்.

தபால்காரர் கதவின் கீழே தள்ளிவிட்டுப் போன உன் கடிதத்தை மிதித்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன். நின்றபடியே வாசித்தேன். மாமியின் காரியத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை என்று ஒரு வரி. பரவாயில்லை. மலைநாட்டில் குளிர் என்று இரண்டு வரி. அதற்குப் பிறகு இரண்டு பக்கம் ஒரு நேர்ஸைப் பற்றி. சத்திரசிகிச்சை முடிந்த ஒரு ஆளுக்கு நோவுக்கு மோர்பின் எழுதிவிட்டு நீ குவாட்டர்சுக்குப் போயிருக்கிறாய். அந்த ஆளுக்கு மூச்சுக் குறைந்துபோனதாம். உன்னைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டு, நீ வந்து சேரும் முன்பே அவள் மோர்பினை முறிக்கிற முறிமருந்தைத் தன் எண்ணத்துக்கு ஏற்றிவிட்டாளாம். நீ எழுதித் தராத மருந்தை அவள் எப்படித் தொடலாம் என்று மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறாய். இந்த மாதக் கடைசியில் விசாரணை. "ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதுதானே அம்மா, நீங்களும் இந்த வேலை பார்த்த ஆள், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை" என்று முடித்திருக்கிறாய். நான் உன் முதுகில் தட்டிக்கொடுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பாய். அந்த நோயாளி பிழைத்து வீட்டுக்குப் போனதையும் எழுதியிருக்கிறாய், ஆனால் பக்கத்தின் ஓரத்தில், இடம் போதாமல் மேல்நோக்கித் திருப்பி எழுதிய எழுத்தில்.

உன் அப்பா எப்படி இறந்தார் என்று உனக்குத் தெரியும் என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். வண்டில் சரிந்து தொடை எலும்பு முறிந்தது, இரத்தம் போய் இறந்தார். அதை உனக்குச் சொன்னவள் நான். அப்போது நீ நாலாம் வகுப்பு. அது பொய். தொடை முறிந்தது உண்மை, இறந்தது அதனால் இல்லை. இத்தனை வருடமும் உண்மையைச் சொல்லாததற்குக் காரணம் நீ இல்லை, உன் மாமி. அவள் உயிரோடு இருக்கும்வரை இந்தக் கதை எந்த வாயிலிருந்தும் அவள் காதுக்குப் போய்விடக்கூடாது என்று பயந்தேன். அவள் காரியம் முடிந்த நாளில் உன் கடிதமும் வந்து காலில் மிதிபட்டது. இனிப் பேசாமல் இருந்தால் அது பயம் மட்டுந்தான்.

அப்பாவைப் பற்றி உனக்கு ஞாபகம் இருப்பது கொஞ்சமாகத்தான் இருக்கும். பள்ளிக்கூட வாத்தியார், ஆனால் லீவு விட்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படுவான்கரைக்கு ஓடிவிடுவார். அங்கே அவருடைய வயல் வட்டையும் அவருடைய அக்காவும் இருந்தார்கள், இரண்டில் எதன்மேல் பாசம் கூட என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஒரு வேதக்காரியைக் கட்டியதற்காக மூன்று வருடம் அவரோடு ஒருவரும் பேசவில்லை. நீ பிறந்த பிறகு முதலில் வந்தவள் மாமிதான். என் மெதடிஸ்த கோயிலில் உனக்கு ஞானஸ்நானம் நடந்தது. அடுத்த மாதமே அவள் உன்னை அமிர்தகழிக்குத் தூக்கிக்கொண்டு போய், மாமாங்கேஸ்வரர் சந்நிதியில் மொட்டையும் அடித்துக் கொண்டுவந்தாள். நான் சண்டைக்குப் போனேன். "ரெண்டு சாமியும் பாத்துக்கிட்டா என்னகா குறை?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு எனக்கு உடன்பிறந்தவள் மாதிரி.

அது மார்கழி மழை. வட்டையில் காவல் வாடிக் குடில் போடுவதற்குக் கம்பும் தடியும் ஏற்றிப்போன வண்டில் வரம்பில் சறுக்கி அப்பாவின்மேல் சரிந்தது. அங்கே ஒரு டிஸ்பென்சரி இருந்தது. டொக்டருக்குப் பதிலாக அதைப் பார்த்த அப்போதிக்கரி, உலக யுத்த காலத்தில் திருகோணமலைப் பக்கம் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த மனிதர், கைராசிக்காரர். கமுகஞ் சலாகை வைத்துக் காலைக் கட்டி, நோவுக்கு மோர்பின் ஊசி போட்டார். பட்டாளத்தில் பழகின பழக்கத்தின்படி, ஊதா மையைத் தொட்டு அப்பாவின் நெற்றியில் மருந்தின் முதலெழுத்தையும் அளவையும் நேரத்தையும் எழுதினார். கடதாசி மழையில் கரைந்துவிடும், நெற்றி எங்கேயும் தொலையாது என்பது அவருடைய கணக்கு. பட்டாளத்தில் அது சரியாக இருந்திருக்கும். அங்கே காயப்பட்டவனோடு அக்கா கூட வருவதில்லை.

ஓடத்தில் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் மாமி. தம்பியின் நெற்றியில் ஊதா நிறத்தில் ஏதோ இங்கிலீசு எழுத்து. அவளுக்குப் படிப்பில்லை. பிணத்துக்கு அடையாளம் போட்டது போல அது அவள் கண்ணுக்குப் பட்டிருக்கிறது. முந்தானையை வாவித் தண்ணீரில் நனைத்து, இக்கரை வந்து சேருவதற்குள் தேய்த்துத் தேய்த்து அழித்துவிட்டாள். மடியில் முடிந்து வைத்திருந்த திருநீற்றை எடுத்து அந்த இடம் முழுக்கப் பூசினாள். தம்பிமேல் உயிரை வைத்திருக்கிற எந்த அக்காவும் அதைத்தான் செய்திருப்பாள்.

இக்கரையில், எழுவான்கரையில், நான் அப்போது வேலை பார்த்த ஆஸ்பத்திரி சின்னது. பெயர் வேண்டாம். ஒரு டொக்டர், இரண்டு நேர்ஸ், சாமித்தம்பி என்று ஒரு அற்றண்டன். பதினொரு மணிபோல அப்பாவைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். மழையில் நனைந்து உடம்பு விறைத்துப்போய், நாடி நூலாக ஓடியது. நெற்றி நிறையத் திருநீறு. அந்தக் குளிரில் முதல் ஊசி இரத்தத்தில் சேராமல் தோலுக்குக் கீழே அப்படியே கிடந்திருக்கிறது, அது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அதனால் நோவும் அடங்கவில்லை. அப்பா சத்தம் போட்டு அழுதார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்ததில்லை. டொக்டர் நல்ல பிள்ளை, இன்றைய உன்னைவிட வயதில் குறைந்தவர். பார்த்தார், மோர்பின் எழுதினார், எழுதியதை என்னிடம் தந்தார். நான் ஊசியைப் போட்டேன். மற்ற நேர்ஸ் லூர்து, "நீங்க விலகி இருங்க அக்கா, நான் போடுறன்" என்றுதான் சொன்னாள். என் புருஷனுக்கு நான்தான் போடுவேன் என்று வாங்கிப் போட்டேன். முன்னே ஊசி போட்டதா என்று டொக்டரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எழுதித் தந்தால் போடவேண்டும், எனக்குத் தெரிந்த ஒழுங்கு அவ்வளவுதான்.

கம்பளியால் மூடி, சுடுதண்ணீர்ப் போத்தல்கள் வைத்தோம். பின்னேரம் வான் வண்டி வந்ததும் பட்டினத்துக்கு அனுப்பலாம் என்று சொல்லிவிட்டு டொக்டர் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடப் போனார். உடம்பு சூடேற ஏற அப்பாவின் முகம் தெளிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். "இப்ப நோகல்ல. நீ போய்ச் சோத்தத் தின்" என்றார். கடைசியாகப் பேசினது அதுதான். கொஞ்ச நேரத்தில் நித்திரையானார். நல்லது, தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டு போர்வையை இழுத்துவிட்டேன். பழக்கத்தில் மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு எட்டு. திரும்ப எண்ணினேன், ஆறு. இமையைத் தூக்கிப் பார்த்தேன், கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது.

ஓடிப்போய் விறாந்தையில் இருந்த மாமியிடம் கேட்டேன், அங்கே ஊசி ஏதும் போட்டார்களா என்று. "போட்டாங்ககா. நெத்தியிலயும் என்னவோ கீறிவிட்டாங்க. பாக்க ஒரு மாதிரி இருந்திச்சு, நான்தான் தோணியில வெச்சு அழிச்சுப்போட்டுத் துண்ணூறு பூசினன்" என்றாள். முதல் ஊசியும் என் ஊசியும் சூட்டில் ஒன்றாக இரத்தத்தில் இறங்குகின்றன என்று விளங்கியது, அதை என் முகத்தில் பார்த்திருக்கவேண்டும். "என்னகா, பிழையா?" என்று கேட்டாள். இல்லை மச்சாள் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். அந்த 'இல்லை'யைத்தான் போன மாதம் அவளுடைய சவப்பெட்டி வரை சுமந்துகொண்டு போனேன்.

இனி நான் எழுதப்போவதைக் கவனமாக வாசி. முறிமருந்து அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது. நலோர்பின். பிரசவ அறைக்கென்று முந்தின டொக்டர் கொழும்பிலிருந்து எடுத்து வைத்த ஒரு சின்னப் பெட்டி. தாய்க்குப் போட்ட நோமருந்தால் மூச்செடுக்காமல் பிறந்த பிள்ளைகளுக்கு இரண்டு தடவை அவர் அதை ஏற்ற நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். நீலம் பாரித்துக் கிடந்த குழந்தை ஒரு நிமிடத்தில் வீரிட்டதை இந்தக் கண்ணால் பார்த்தவள். பெட்டியின் திறப்புச் சாவி என் இடுப்பில் இருந்தது. திறந்தேன். கண்ணாடிக் குப்பியை உடைத்தேன். ஊசியில் ஏற்றினேன். எல்லாம் செய்தேன். ஏற்றின ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு, டொக்டரின் கட்டளைப் புத்தகத்தில் மற்றக் கையால் முறிமருந்து வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி வா என்று சாமித்தம்பியை டொக்டரின் குவாட்டர்சுக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லூர்து, உன் அப்பாவின் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியும் இறக்கியும் மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "போடுங்கக்கா" என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். நான் போடவில்லை. அதற்கு முந்தின மாதந்தான் இன்னொரு ஆஸ்பத்திரியில் எழுதாத மருந்தைப் போட்ட ஒருத்தியை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். நான் நினைத்தது பிழையாக இருந்து, புருஷனுக்கு என்பதற்காகக் கைமீறிப் போட்டுக் கொன்றுவிட்டாள் என்று வந்தால் என்ன செய்வது என்றும் ஒரு நினைப்பு. காரணம் ஆயிரம் சொல்லலாம். பயம், மகன். வேறொன்றுமில்லை.

குவாட்டர்ஸ் கூப்பிடு தூரந்தான். சாமித்தம்பி ஓடித்தான் போனான். அங்கே டொக்டர் சோற்றில் கை வைத்திருந்தார். சாப்பாட்டில் இருக்கிற ஆளை எழுப்பக்கூடாது என்பது நம் ஊரில் யாரும் சொல்லித் தரவேண்டிய ஒன்றா? அதோடு அவனுக்கு ஒரு ஏச்சும் ஞாபகத்தில் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் ஒரு விரல் காயத்துக்காக டொக்டரைச் சோற்றிலிருந்து எழுப்பிவிட்டான் என்று, எல்லார் முன்னாலும் அவனை ஏசினவள் நான். அதனால் அவன் குசினி வாசலில், புத்தகத்தை நெஞ்சோடு பிடித்தபடி, டொக்டர் மோர் ஊற்றிச் சாப்பிட்டுக் கை கழுவும்வரை மரியாதையாக நின்றிருக்கிறான். கை கழுவி வந்தவர் புத்தகத்தை வாசித்த உடனே கையெழுத்து வைத்துவிட்டு, துவாய்த் துண்டோடு ஓடி வந்தார். ஒழுங்கான மனிதர், கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரமும் போட்டிருந்தார். பன்னிரண்டு ஐம்பது. உன் அப்பா பன்னிரண்டு நாற்பதுக்குப் போய்விட்டார்.

டொக்டர் கட்டிலைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "கையிலதானே வெச்சிருக்கிறீங்க மிஸி. ஏன் போடல்ல?" என்று கேட்டார்.

அவர் என்னைக் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. நீ எழுதிய முறைப்பாட்டை அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வைத்துப் பார். அவள் போடாமல் நின்றிருந்தால் நீயும் இதையேதான் கேட்டிருப்பாய். போட்டதற்கு ஏன் போட்டாய் என்கிறாய். இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம் என்று நேர்ஸ்மாரைச் சும்மா சொல்லவில்லை.

பிறகு நான் என்ன செய்தேன் என்பதை நீ கொஞ்சம் பார்த்திருக்கிறாய், ஏன் என்று தெரியாமல். லீவு நாளில் அம்மா ஏன் வீட்டில் இருப்பதில்லை, ஏன் ஓடத்தில் ஏறி அக்கரை டிஸ்பென்சரிகளுக்குப் போகிறாள் என்று நீ கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருக்கிறாய். தகப்பன் இல்லாத பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுத் திரிந்தேன். அது இன்னொரு பிழை, அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். முதலில் நான் போனது நெற்றியில் எழுதிய அந்த அப்போதிக்கரியிடம். மனிதர் என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பி நின்றார், உட்காரவே இல்லை. நெற்றியில் எழுதவேண்டாம், எங்கள் சனம் அழித்துவிடும் என்றேன். கடதாசி கொடுத்தால் தொலைத்துவிடும். எங்கள் சனம் எதைக் கழற்றாது என்று இரண்டுபேரும் யோசித்தோம். கோயில் காப்பு. மஞ்சள் பூசின நூலைக் கையில் கட்டிவிட்டால், அவிழ்க்கவேண்டிய ஆள் அவிழ்க்கும்வரை படுவான்கரையில் ஒரு கிழவியும் அதைத் தொடமாட்டாள். அன்றிலிருந்து மருந்து, அளவு, நேரம் எழுதிய கடதாசியை மெழுகுத் துணியில் சுருட்டி, மஞ்சள் நூலால் வலது மணிக்கட்டில் கட்டி அனுப்பினார். நான் இக்கரையில் அவிழ்த்தேன். மெதடிஸ்தக்காரி காப்புக் கட்டுகிறாளாமே என்று போதகர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். "ஓம் ஐயா, நூல் மட்டுந்தான், மந்திரம் இல்ல" என்றேன்.

அப்போதிக்கரிமார் கேட்டார்கள். களுவாஞ்சிக்குடிப் பக்கத்து நாட்டு வைத்தியர் ஒருவர், அபின் சேர்ந்த குளிகை கொடுப்பவர், நான் பாதி சொல்லும் முன்பே தலையாட்டினார். முறிப்புத் தெரியாதவன் நஞ்சைத் தொடக்கூடாது என்று தன் குரு முதல்நாளே சொல்லித் தந்ததாகச் சொன்னார். கேட்காதவர்கள் உன் ஆட்கள்தான். டொக்டர்மாருக்கு ஒரு நேர்ஸ் எப்படிப் பாடம் எடுப்பது? நான் எடுக்கவில்லை. மோர்பின் எழுதித் தந்தால், அதற்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு கீறி, 'மூச்சு இத்தனைக்குக் கீழே போனால் முறிமருந்து இவ்வளவு' என்று இடம் விட்டு எழுதி, புத்தகத்தைத் திருப்பி நீட்டுவேன். நிரப்பித் தந்தால்தான் அலுமாரியின் திறப்பு என் இடுப்பிலிருந்து கழலும். ஒருவர் சிரித்தார். ஒருவர் புத்தகத்தை என் காலடியில் எறிந்தார். இன்னொருவர் ஒவ்வொரு கோட்டிலும் 'தேவையில்லை' என்று அழகாக எழுதி வந்தார், எனக்கெதிராக மேலிடத்துக்குப் பெட்டிஷமும் போட்டார். முதல்முதலில் மறுக்காமல் நிரப்பித் தந்தவர் தமிழ் தெரியாத ஒரு சிங்கள டொக்டர். "நான் தூங்கும்போது என் மூளை உங்கள் கையில் இருக்கவேண்டும், அதற்குத்தானே இந்தக் கோடு?" என்று எளிய இங்கிலீசில், எனக்கு விளங்கும்படி கேட்டார். எவ்வளவு நாளாக ஒரு ஆள் அதைச் சொல்லக் காத்திருந்தேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிரசவ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வருடம் ஒருமுறை ஆட்கள் மாறுவார்கள். புதிதாக வருகிறவரிடம் திரும்பவும் கோட்டிலிருந்து தொடங்குவேன். பென்சன் எடுக்கும்வரை அதுதான் என் வேலை. ஊசி போட்டதெல்லாம் பக்க வேலை.

மஞ்சள் நூலோடு வந்தவர்களில் எத்தனைபேர் பிழைத்தார்கள் என்று நான் எண்ணி வைக்கவில்லை. ஒரு முகம் மட்டும் நிற்கிறது. பனையால் விழுந்த ஒருவன் இதே மாதிரி குளிரில் விறைத்து வந்தான். புது டொக்டர் மோர்பின் எழுதப் பேனையை எடுத்தார். நான் அவன் கையைத் தூக்கி, நூலை அவிழ்த்துக் கடதாசியை நீட்டினேன். வாசித்துவிட்டுப் பேனையை மூடினார். அவ்வளவுதான் நடந்தது, பார்த்தவர்களுக்கு ஒரு புதினமும் அதிசயமும் இல்லை. அவன் பெண்சாதி விறாந்தையில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு உயிர் தப்பின இடத்தில் நின்று பொறாமைப்பட்ட பாவி உன் தாய்.

எழுதாமலே மருந்து போடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. நாளைக்கு ஒருத்தி பிழையாக நினைத்துப் பிழையாகப் போடக்கூடும். ஒழுங்கு வேண்டும், அது எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதிவிட்டுப் போ என்கிறேன். மோர்பினை எழுதும் அதே மையில், அதே மூச்சில், அடுத்த வரியையும் எழுது. அந்த வரி இருந்திருந்தால் அந்தப் பிள்ளை ஒழுங்கை மீறியிருக்கவே மாட்டாள். நீதான் எழுதாமல் போனாய். அவள் குற்றவாளியானது அதனால்தான். உன்னை நான் வளர்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன், ஜெபம் சொல்லித் தந்தேன், கை கழுவச் சொல்லித் தந்தேன். ஊரெல்லாம் புத்தகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தவள், சொந்த மகனிடம் மட்டும் நீட்டவில்லை. நீட்டினால் அப்பாவின் கதையையும் சொல்லவேண்டி வரும். அடுப்படிப் பூனைக்குத் தெரிந்தது வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாமல் போனது.

அந்த முறைப்பாட்டை வாபஸ் வாங்கு. வாங்குவது உன் மரியாதைக்குக் குறைவு என்று பட்டால், விசாரணை மேசையில் இந்தக் கடிதத்தை வாசிக்கக் கொடு. அதற்காகத்தான் இதை ஒட்டாமல் அனுப்புகிறேன். உன் வார்டில் யாரும் எடுத்துப் படிக்கலாம், எனக்கு வெட்கமில்லை. வெட்கப்படவேண்டிய காலத்தில் வெட்கப்பட்டு முடித்துவிட்டேன். இதோடு ஒரு தாளும் வைத்திருக்கிறேன். அன்றைக்குக் கட்டளைப் புத்தகத்திலிருந்து நான் கிழித்து எடுத்தது, இவ்வளவு காலமும் வேதப்புத்தகத்துக்குள் இருந்தது. மை மங்கிவிட்டது, ஆனால் நேரம் தெளிவாகத் தெரியும்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், அந்தப் பிள்ளையின் பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை. ஒரு நேர்ஸ் என்றுதான் எழுதியிருக்கிறாய். போய் அவளுடைய பெயரைக் கேட்டு எனக்கு எழுது. யாரும் எழுதித் தராத ஊசியை ஏற்றும்போது கை நடுங்கியதா என்றும் கேள். எனக்கு அன்றைக்குக் கை நடுங்கவில்லை. ஒரு சொட்டும் சிந்தாமல், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

உன்
அம்மா